சவுரிமுடி சவரிராயன்

சவரிராயனுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் புனித சவேரியாரை நினைத்து வைத்தார்கள். கூப்பிட்டவர்கள் பெண்கள் ஜடையில் சேர்த்துப் பின்னுகிற ஒட்டுமுடியை நினைத்துக் கூப்பிட்டார்கள். கடலூர் முதுநகரில் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே அவன் சவுரிமுடிதான். வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட பின் பெஞ்சிலிருந்து யாராவது "சவுரி" என்பார்கள், வகுப்பே சிரிக்கும், வாத்தியாரும் சேர்ந்து சிரிப்பார்.

ஆளும் பொடியன். துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கப் போனபோது மேஸ்திரி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்க வந்தாயா, பெட்டிக்குள் படுக்க வந்தாயா என்று கேட்டார். அந்த ஆத்திரத்தில்தான் அவன் மஞ்சக்குப்பம் மைதானத்தில் குத்துச்சண்டை பழகுகிறவர்களோடு போய்ச் சேர்ந்தான். அங்கே முதல் நாளே ஒரு விஷயம் அவனுக்குப் பிடித்துப்போனது. ஐம்பது கிலோக்காரன் ஐம்பது கிலோக்காரனோடுதான் மோத வேண்டும். தன் எடைக்குச் சமமான எடையைத்தான் எதிரில் நிறுத்துவார்கள் என்கிற அந்த ஒரு நியாயத்தை நம்பி அவன் தன் இளமையை அதில் கொட்டினான். பாவம், எடையைத் தவிர வேறு எதையும் அங்கே நிறுத்துப் பார்ப்பதில்லை என்று அவனுக்கு அப்போது தெரியாது.

மாநிலப் போட்டிகளில் வெள்ளி வாங்கினான், வெண்கலம் வாங்கினான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த வேலைகள் தங்கம் வாங்கியவர்களுக்குப் போயின. அதன்பிறகு புரொபஷனல் ஆனான். கேட்க என்னவோ பெரிதாகத்தான் இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய ஓட்டல்களின் விருந்துக் கூடத்தில் மேடை கட்டியிருப்பார்கள். சுற்றிலும் மேசை போட்டு ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மேடையின் சிவப்பு மூலையில், போட்டி நடத்துகிறவர் வளர்த்துவிட நினைக்கும் பிள்ளை நிற்பான். நீல மூலையில், அந்தப் பிள்ளை அடித்துப் பழகுவதற்காக வரவழைத்த ஆள் நிற்பான். சவரிராயன் நீல மூலைக்காரன். அவனுக்கு ஒரு வாரம் முன்னால்தான் போன் வரும். எதிராளிக்கு மூன்று மாதம் முன்பே தெரிந்திருக்கும். தோற்றுப் போ என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. அதைச் சொல்லவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

வென்றதைக் கைவிரலில் எண்ணிவிடலாம். தோற்றதை அவனே எண்ணுவதை விட்டுவிட்டான். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஜெயித்தவன் வந்து கட்டிப்பிடித்து, "நல்லா ஆடுனண்ணா" என்பான். அடியைவிட அதுதான் சவரிராயனுக்குப் பொறுக்காது. ஊருக்கு வந்தால் டீக்கடையில், "என்னா சவுரி, இந்த தடவையும் வாங்கினு வந்துட்டியா" என்று வீங்கிய முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே டீயைக் குடிப்பான். வாய் உள்ளே கிழிந்திருக்கும், சூடு எரியும், அதையும் காட்டிக்கொள்ளமாட்டான்.

அவன் மனைவி நித்யா மேரி சிதம்பரத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மேல வீதிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலை. முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். முதல் கரு தங்கவில்லை. இரண்டாவது, எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஒரு பகல் முழுக்க மூச்சுவிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. குழியில் மண்ணைப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கு நித்யா அழவில்லை. மாதா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, கொடுக்கல் வாங்கல் பேசுகிறவள்போலப் பேசினாள்.

"ஒரு புள்ளைய எனக்குத் தங்க வையி. அப்பனும் புள்ளையும் சேர்ந்து வேளாங்கண்ணிக்கு வந்து மொட்ட போடுவாங்க. அதுவரைக்கும் இவுரு தலையில கத்தி படாது."

நேர்ந்துகொண்டவள் அவள், வளர்த்தவன் அவன். நாலு வருஷத்தில் முடி தோளைத் தாண்டி முதுகுக்கு இறங்கியது. குத்துச்சண்டைக்காரனுக்கு இந்த முடி ஒரு தலைவலி. வியர்வையில் ஒட்டும், கண்ணில் விழும். அதனால் ஒவ்வொரு போட்டிக்கும் முன்பு நித்யா அவனை முழங்காலுக்கு நடுவில் உட்கார வைத்து, தலையோடு ஒட்டி இறுக்கமாகப் பின்னிவிடுவாள். அவன் அடி வாங்கப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். போஸ்டர் அடிக்கிறவர்களுக்கு இந்த முடி ரொம்பப் பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்துக் கேலிப் பெயரையே பட்டமாக்கி, 'சவுரிமுடி சவரிராயன்' என்று பெரிய எழுத்தில் போட்டார்கள்.

மூன்றாவது கரு தங்கியது. ஏழாம் மாதம் நித்யாவை அவள் அம்மா பாக்கியமேரி சிதம்பரத்துக்கு அழைத்துப் போனாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் ராஜமாணிக்கத்திடமிருந்து போன் வந்தது.

ராஜமாணிக்கம் சிதம்பரத்தில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் மண்டபம் சும்மா கிடப்பது அவருக்கு வயிற்றெரிச்சல். சென்னையில் யாரோ குத்துச்சண்டைப் போட்டி நடத்திப் பெயர் வாங்கியதைக் கேள்விப்பட்டு, இவரும் இறங்கிவிட்டார்.

"தம்பி, நம்ம ஜில்லாக்காரன் நீ. உன்ன ரெட் கார்னர்ல நிக்க வெக்கிறேன். உன் ஜனம் பூரா வரட்டும்" என்றார்.

போனை வைத்த பிறகும் சவரிராயனுக்கு அந்த இரண்டு சொல் காதிலேயே இருந்தது. சிவப்பு மூலை. பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் அங்கே நின்றதில்லை. பிள்ளை பிறப்பதற்குள் ஒரே ஒரு முறை, நித்யா பார்க்க, சொந்த ஜனம் பார்க்க, அடிக்கப்படுவதற்காக இல்லாமல் ஜெயிப்பதற்காக ஒரு மேடையில் ஏற வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

எதிராளி, காடாம்புலியூரிலிருந்து செம்பியன் என்று ஒரு பையன், பத்தொன்பது வயது. அவனுக்கு ஐந்து நாள் முன்னால்தான் சொல்லியிருந்தார்கள் என்று கேள்விப்பட்டபோது சவரிராயனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. அதற்காக வெட்கப்படவும் இல்லை.

எடை வரம்பு ஐம்பது கிலோ எண்ணூறு கிராம். வயது முப்பதைத் தாண்டிய உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கொளுத்தும் வெயிலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் மணலில் ஓடினான். கடைசி ஒன்றரை நாள் தண்ணீர் தொடவில்லை. நித்யாவின் தம்பி ஜேக்கப்தான் அவனுக்கு மூலையில் நின்று தண்ணீர் கொடுப்பவன், காயத்துக்கு மருந்து வைப்பவன். சொந்தமாகக் குட்டியானை ஓட்டுகிறான். அந்த வண்டியின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மாமனை உள்ளே உட்கார வைத்து, வெயிலில் நிறுத்தி வேக வைத்தான். எடை பார்க்கிற அன்று காலையில் பாக்கியமேரி வீட்டில் நித்யா பின்னல் போட்டுவிட்டாள். வயிறு இடித்ததால் அவனைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொன்னாள்.

எடை பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி மிஷினோடு வந்திருந்தார். அந்த மிஷின் பஸ்ஸிலேயே கண்ணை மூடிவிட்டது. ராஜமாணிக்கம் அசரவில்லை. பின் தெருக் கோழிக்கடையில் கூண்டோடு கோழி நிறுத்துகிற மேடைத் தராசைத் தூக்கிவரச் சொன்னார். அதைக் கழுவித் துடைத்து, மணமக்கள் உட்காரும் மேடையில் வைத்தார்கள். ஓரத்தில் இரண்டு இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலில் செம்பியன் ஏறினான். ஒல்லிக்குச்சி, எடை குறைவாகவே காட்டியது. அடுத்து சவரிராயன் ஜட்டியோடு ஏறி, மூச்சை வெளியே விட்டு நின்றான். ஐம்பத்தொன்று என்று காட்டியது.

"இரநூறு கிராம் ஜாஸ்தி" என்றார் அதிகாரி. "ஒரு மணி நேரம் தர்றேன். அதுக்குள்ள எறக்குங்க."

சூயிங்கம் மென்று பாட்டிலில் துப்பினான். உள்ளே ஈரமிருந்தால்தானே எச்சில் வரும். மண்டபத்தைச் சுற்றி ஓடினான், வியர்க்கவில்லை. மறுபடி ஏறினான். தராசு அசைந்து கொடுக்கவில்லை. ராஜமாணிக்கம் நாற்காலியில் சாய்ந்து அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலையிலயே கால் கிலோ வெச்சினு சுத்துறியே தம்பி. எடுத்துட்டா முடிஞ்சிது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நேர்த்திக்கடன் சார். மாதாவுக்கு" என்றான் சவரிராயன்.

"மாதா கோச்சிக்க மாட்டாங்க. முடி திரும்ப மொளைக்கும். ரெட் கார்னர் மொளைக்காது. எனக்கு இன்னொரு பையன் ரெடியா கெடக்கான், நீயே சொல்லு" என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஜேக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அக்காவைக் கூட்டிவந்தான். நித்யா வயிற்றைத் தாங்கிக்கொண்டு மண்டபப் படி ஏறி வந்து, ஜட்டியோடு நின்றிருந்த கணவனைப் பார்த்தாள். கண் குழிந்து, உதடு வெடித்து, விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய நின்றான். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"நீ என்னா சொல்ற நித்யா?"

"நான் என்னா சொல்றது. நேர்ந்தது என் வாயி. தல உங்களுது" என்றாள். வந்த வழியே இறங்கிப் போய்விட்டாள்.

அதைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான். ஆறு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவன், அவள் குரல் எப்போது எப்படி இருக்கும் என்று அறிந்தவன், அப்படி எடுத்துக்கொண்டான். வேண்டும் என்று நினைத்துவிட்டால் மனுஷனுக்குக் காது அப்படித்தான் கேட்கும்.

எதிர்ச்சாரி சலூன்காரர் முடிவெட்டுகிற மிஷினோடு வந்தார். அன்று காலை போட்ட பின்னல் அப்படியே கயிறு கயிறாகத் தரையில் விழுந்தது. மொட்டைத் தலையோடு ஏறி நின்றான். ஐம்பது எண்ணூறு. கைதட்டினார்கள். தண்ணீர் குடித்து, குளுக்கோஸ் குடித்து, அரைமணி நேரம் சுவரில் சாய்ந்து கிடந்த பிறகுதான் அவனுக்கு முடி ஞாபகம் வந்தது. அதையாவது ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மாதா காலடியில் வைக்கலாமே என்று ஜேக்கப்பைத் தேடச் சொன்னான். அதற்குள் மண்டபத்து ஆட்கள் அதை மதியச் சாப்பாட்டு எச்சில் இலைகளோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளியிருந்தார்கள்.

மறுநாள் மாலை போட்டி. சிவப்பு மூலைக்காரனுக்கு மணமகன் அறை, நீல மூலைக்காரனுக்கு மணமகள் அறை. முதுநகரிலிருந்து இரண்டு வேன் நிறைய ஜனம் வந்திருந்தது. 'சவுரிமுடி சவரிராயன்' என்று மைக்கில் அலறியதும் அவன் வழவழவென்ற மொட்டைத் தலையோடு வெளியே வந்தான். மண்டபம் குலுங்கச் சிரித்தது. "டேய், சவுரிய எங்கடா கயட்டி வெச்சிட்ட" என்று ஒருவன் கத்தினான். முன்வரிசையில் நித்யாவுக்குப் போட்டிருந்த நாற்காலியில் பாக்கியமேரியின் கைப்பை மட்டும் இருந்தது.

செம்பியன் வேகக்காரன். ஆனால் ஐந்து நாளில் மூச்சைத் தயார் செய்ய முடியாது. இரண்டாவது ரவுண்டு முடிவிலேயே அவன் வாயைத் திறந்து மூச்சு விடுவதை சவரிராயன் பார்த்துவிட்டான். அவனுக்கு அந்த மூச்சு நன்றாகத் தெரியும். பத்து வருஷம் அவன் விட்ட மூச்சு அது. அடுத்து பையன் எதைச் செய்வான், எங்கே கையை இறக்குவான், எந்தக் கண் முதலில் மூடும் என்று எல்லாம் தெரியும். இடது கண்ணுக்கு மேல் குத்தினான். அதே இடத்தில் மறுபடியும் குத்தினான். தோல் கிழிந்தது. பையன் கட்டிப்பிடித்துக்கொண்டு காதோரம், "அண்ணா, கொஞ்சம்" என்றான். என்ன கேட்டான் என்று முழுதாகச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். சவரிராயனும் ஒரு காலத்தில் பெங்களூரில் ஒருவனிடம் இதையே கேட்டிருக்கிறான். பையனைத் தள்ளிவிட்டு மறுபடியும் அதே கண்ணில் குத்தினான். ஜனம் எழுந்து நின்று, "சவுரி, சவுரி" என்று கத்தியது. இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது, அவனுக்கு அது இனித்தது. நாலாவது ரவுண்டில் நடுவர் குறுக்கே பாய்ந்து நிறுத்தினார்.

கழுத்தில் மாலையோடு போகும்போது மணமகள் அறைக் கதவு திறந்திருந்தது. செம்பியன் வாளிக்குள் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். சவரிராயன் வாசலில் நின்று, "நல்லா ஆடுன தம்பி" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. பையன் தலையைத் தூக்கவில்லை.

நித்யா அன்று அவனோடு சண்டை போடவில்லை. சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். முதுகுக்குத் தைலம் தேய்த்தாள். கழுத்து வரைக்கும் வந்த கை, அதற்குமேல் ஏறவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, மாமன் ஜெயித்த சந்தோஷத்தில் ஜேக்கப் கோழி வாங்கப் போனான். திரும்பி வந்து பையை அடுப்பங்கரையில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தான்.

"மாமா, உன்ன நிறுத்த மிஷின் குடுத்தான் பாரு, அவன் கடைக்குத்தான் போனேன். அதே மிஷின். மூணு கிலோ போட்டான். எரநூறு கிராம் கொறைச்சிக்கடா, உன் மிஷின் எப்பவும் ஜாஸ்திதானே காட்டும்னு கேட்டு, கூட ஒரு துண்டு போட வெச்சி வாங்கினு வந்தேன். அந்தத் தெருவுல எல்லாரும் அப்பிடித்தான் கேட்டு..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். அந்தத் தெருவில் கோழி வாங்குகிற அத்தனை பேருக்கும் அது தெரியும். ராஜமாணிக்கத்துக்குத் தெரியும், கைதட்டியவர்களுக்குத் தெரியும், ஜேக்கப்புக்கே வருஷக்கணக்காகத் தெரியும். கோழிக்குக் கழிக்கத் தெரிந்தவர்களில் ஒருவருக்கும், மனுஷன் ஏறி நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை. முதல் தடவை ஏறியபோதே சவரிராயனின் எடை சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அடுப்பங்கரையில் கோழியைக் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது. நித்யா குழம்பு வைத்தாள், பரிமாறினாள், தான் மட்டும் ஒரு துண்டுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண். பெலிசியா என்று பெயர் வைத்தார்கள். மாதா தன் பக்கத்துக் கணக்கைச் சுத்தமாக முடித்துவிட்டாள். அதுதான் நித்யாவை வாட்டியது. பிள்ளைக்கு உடம்பு சுட்டால் போதும், மருந்தை ஊற்றிவிட்டு அவன் தலையைத்தான் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லித் தொலைத்தால் பரவாயில்லை என்று அவன் ஏங்கியிருக்கிறான்.

ராஜமாணிக்கம் அடுத்த போட்டியைச் சிவப்பு மூலையில் வேறொருவனை வைத்து நடத்தினார். சவரிராயனுக்கு வழக்கம்போல வெளியூரிலிருந்து வழக்கமான போன்கள் வந்தன. நீல மூலைக்குப் போனான், அடி வாங்கினான், வந்தான். ஆனால் அந்த ஒரு வருஷமும் தலையில் கத்தி படவிடவில்லை. முடி மறுபடி வளர்ந்து காதை மூடி, பிடரிக்கு வந்தது. அதைப் பின்னிவிடும்படி அவன் நித்யாவிடம் கேட்கவில்லை. ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டான்.

பெலிசியாவுக்கு ஒரு வயது முடிந்ததும் ஜேக்கப்பின் வண்டியிலேயே வேளாங்கண்ணிக்குப் போனார்கள். முடி எடுக்கிற இடத்தில் முதலில் பிள்ளைக்கு எடுத்தார்கள். வீறிட்டு அழுது, முடித்ததும் மொட்டைத் தலையைத் தானே தடவிப் பார்த்துச் சிரித்தாள். சவரிராயன் தலையை நனைத்துக்கொண்டு வந்து அடுத்ததாக உட்கார்ந்தான்.

"எந்திரிங்க" என்றாள் நித்யா.

"அந்த முடி போச்சுதான். ஆனா இதுவும் முடிதானே நித்யா. ஒரு வருசமா வெச்சிருக்கேன்."

"மாதாவுக்குன்னு வளத்தத தராசுல குடுத்துட்டீங்க. இது அடுத்த தராசுக்கு ஆவும். எந்திரிங்க."

பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். அவன் இருந்த இடத்தில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். இடுப்புக்குக் கீழே விழுகிற முடி. நாவிதர் தயங்கினார்.

"பொம்பளைங்க பூமுடி குடுத்தா போதும்மா. நுனியில கொஞ்சம்..."

"முழுசா எடுங்க" என்றாள். "நேர்ந்தது என் வாயி. தலையும் என்னுதாவே இருக்கட்டும்."

கத்தி நெற்றியிலிருந்து பின்னால் போனது. நாளைக்கு இந்தத் தலையோடு அவள் மருந்துக் கடையில் நிற்பாள், வருகிற போகிறவர்கள் எல்லாம் எதற்கு மொட்டை, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு தடவைகூட அவன் பக்கம் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். சவரிராயன் ஈரத் தலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றான். இத்தனை பேரிடம் இத்தனை அடி வாங்கியவன், இதை எங்கே வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

எடுத்து முடித்ததும் நாவிதர் அந்த நீள முடியைத் தரையில் விடாமல் கையில் சுருட்டித் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "இத தனியா வையி. சவுரிக்கு ஆவும்" என்றார்.

தன் பெயர் காதில் விழுந்ததும், "என்னாங்க" என்று சவரிராயன் ஓரடி முன்னால் வந்தான். யாரும் அவனைக் கூப்பிட்டிருக்கவில்லை.